ஒரு கல்லுக்கு இருவர்: முத்துக்கரையில் கையுழைப்பும் ஓய்வும்

மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துச் சலாபங்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் எழுதப்பட்டுவந்த குறிப்புகள், எடுக்கப்பட்ட சிப்பிகளின் தொகையிலும் ஏலத்தில் கிடைத்த வருமானத்திலும் பெரிதும் வேறுபட்டாலும், தோணியில் வேலை பங்கிடப்பட்ட முறையைச் சொல்லுமிடத்தில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அரசின் அறிவிப்போடு குறிப்பிட்ட பார்களில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் நடக்கும் முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சிப்பிகள் ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். குளியாளியை விரைந்து அடிக்குக் கொண்டுசெல்லும் பளுவே குளிகல் ஆகும். வழக்கமான தோணி ஒன்றில் ஐந்து குளிகற்களும் பத்துக் குளியாளிகளும் இருந்தனர். ஒருவர் கல்லோடு இறங்கிச் சிப்பிகளைப் பைவலையில் வாரிக்கொண்டிருக்கையில், அதே கல்லுக்குரிய மற்றவர் தோணியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். சில முறை மூழ்கி எழுந்தபின் இருவரும் இடம் மாறிக்கொள்வர். விடியலில் தொடங்கும் இவ்வேலை நண்பகலையொட்டிக் கடற்காற்று எழும்போது நின்றுவிடும். அக்காற்றைக்கொண்டே தோணிகள் கரைக்குத் திரும்பின.

ஐந்து முதல் பத்துப் பாகம் (கடலாழ அளவு) வரையிலான ஆழத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கும் உடல் மறுபடி மூழ்குமுன் தேற வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் காரணம். குளியாளியின் மீதான இரக்கத்துக்கு அதில் இடம் இருந்ததாகக் கருதத் தேவையில்லை. ஆயினும் ஓய்வு என்பது தொழிலாளி தன் மனவுறுதியால் தேடிக்கொள்ளும் ஒன்றாக இராமல், ஆள் எண்ணிக்கையிலேயே கணக்கிடப்பட்டு வேலையின் அமைப்புக்குள் வைக்கப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது. கணினியின்முன் அமர்ந்து விசைப்பலகையும் சுட்டியும் இயக்குவோரின் கைக்கும் மணிக்கட்டுக்கும் வரும் நோவை எவ்வாறு தடுப்பது என்ற இன்றைய கேள்வியை, தூத்துக்குடியிலும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறையிலும் கைவேலை மாறிவந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கையில், இந்த ஓய்வு எப்போது வேலைக்குள் இருந்தது, எப்போது வெளியே தள்ளப்பட்டது என்பதே மையச் செய்தியாகத் தெரிகிறது.

நோவின் இடத்தை முதலில் விளக்க வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு வாய்க்காலை உண்டாக்க, அதன்மேல் உறுதியான ஒரு நார்ப்பட்டை கூரைபோலக் குறுக்கே கிடக்கிறது. இந்தக் குறுகிய வழியினூடே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தரும் நடு நரம்பும் சேர்ந்து செல்கின்றன. தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு. விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருப்பதால், விரலின் ஒவ்வோர் அசைவுக்கும் இக்கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து முன்னும் பின்னும் வழுக்கிச் செல்ல வேண்டியுள்ளது. ஒரே அசைவு இடைவிடாது நிகழும்போதும், மணிக்கட்டு மேலோ கீழோ பக்கவாட்டிலோ வளைந்த நிலையில் வேலை நடக்கும்போதும் இந்த நாண்களும் அவற்றைச் சூழ்ந்த உறைகளும் உறுத்தலுக்கு உள்ளாகின்றன. வீக்கத்தால் நடு நரம்பு நெருக்கப்பட்டால் விரல்கள் மரத்துப்போகும், இரவில் எரிச்சல் தூக்கத்தைக் கலைக்கும், பிடிமானம் தளரும். மருத்துவர்கள் இதனைக் கார்ப்பல் டனல் நோய் என்கின்றனர். மணிக்கட்டுக் குகை நெரிவு என்று தமிழில் சொல்லலாம்.

முத்துக்கரையில் இத்தகைய நுண்ணிய, திரும்பத் திரும்ப நிகழும் கையசைவு கடலில் அன்றிக் கரையில்தான் மிகுதியாக இருந்தது. சிப்பிகள் அழுகிக் கழுவப்பட்டபின் கிடைத்த முத்துகள், பெட்டி எனப்பட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டு அசைக்கப்பட்டன. பத்துச் சல்லடைகள் கொண்ட ஒரு தொகுதியில் முதலாவதற்கு 20 துளைகளும் கடைசியானதற்கு 1000 துளைகளும் இருக்கும்; எந்தப் பெட்டியில் முத்து தங்கியது என்பதைக்கொண்டு அளவும், பின்னர்க் கண்ணாலும் விரலாலும் உருட்டிப் பார்த்து ஆணி முதல் தூள் வரையிலான தரமும் குறிக்கப்பட்டன. முத்தைத் துளையிடுவோர் மரக்கட்டையில் குடைந்த குழிகளில் முத்துகளைப் பதித்து, இடக்கையால் துளைக்கருவியை மேலிருந்து அழுத்தியபடி, வலக்கையால் சிறு வில்லை முன்னும் பின்னும் இழுத்துக் கருவியைச் சுழற்றினர். சூடு ஏறாதிருக்கத் தேங்காய்ச் சிரட்டையிலுள்ள நீரை அதே வலக்கையின் சுண்டுவிரலால் தொட்டு அவ்வப்போது விட்டனர். ஒரு கை அசையாமல் அழுத்திக்கொண்டும் மற்றொரு கை இடைவிடாது அசைந்துகொண்டும் இருந்த இந்த வேலை, ஒரு கையில் சுட்டியை இறுகப் பிடித்து மற்றொரு கையால் எண்களைத் தட்டும் இன்றைய கணக்கரின் வேலையோடு உடலியல் நோக்கில் நெருங்கியது. குளியாளிகள் எத்தனை பேர், கயிறு இழுப்போர் எத்தனை பேர், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கு உரிய பங்கு என்ன என்றெல்லாம் எழுதிவைத்த ஐரோப்பியர், துளையிடுவோரின் திறமையை வியந்த அளவுக்கு அவர்களது மணிக்கட்டைக் கவனித்திலர்.

எழுதும் கையின் வரலாறும் இக்கரைக்கு நெருக்கமானது. பனை செழித்த தாமிரபரணிக் கரையின் ஊர்கள் ஓலைச்சுவடிகளின் இருப்பிடங்களாக இருந்தன; உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிச் சென்ற ஊர்களுள் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரியும் ஒன்று. ஓலையில் எழுதுபவர் எழுத்தாணியை வலக்கையில் நிலையாகப் பிடித்து, இடக்கைப் பெருவிரலை அதற்குத் தாங்கலாக வைத்து, ஓலையையே சிறிது சிறிதாக நகர்த்தினார். வரி முடிந்ததும் ஓலையை இழுத்து அமைப்பதும், ஏடு முடிந்ததும் அடுத்ததை எடுப்பதும் எழுத்தின் இடையே தானாக அமைந்த நிறுத்தங்கள் ஆயின. வடமொழிச் சுவடிகளைப் படியெடுத்தோர் இறுதியில் சேர்க்கும் வழக்கமான சுலோகம் ஒன்று, முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடிய, குனிந்த முகத்தோடு வருந்தி எழுதிய நூலைப் பேணிக் காக்குமாறு வேண்டுகிறது. எழுதுவது உடலுழைப்பு என்ற தெளிவு அதில் உள்ளது. அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் அறியப்படும் என்ரிக் என்ரிக்கசு பாதிரியார் புன்னைக்காயலை மையமாகக்கொண்டு உழைத்து, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றியபோது, ஓலையில் இழுக்கப்பட்ட எழுத்து ஈய அச்சாக மாறித் தனித்தனியாகப் பொறுக்கி அடுக்கப்படும் பொருளாயிற்று. எழுத்தை வரைந்த கை அதன்பின் எழுத்தைத் தேடி எடுக்கும் கையாகவும் ஆனது.

தொழிலால் வரும் கைநோவைத் தெளிவாக வகைப்படுத்தியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் அவர் வெளியிட்ட நூலின் 1713ஆம் ஆண்டு விரிவாக்கத்தில், எழுத்தர்களின் நோவுக்கு மூன்று காரணங்கள் காட்டப்படுகின்றன: இடைவிடாது அமர்ந்திருத்தல், கை ஒரே போக்கில் ஓயாது அசைதல், பிழை நேராதிருக்க மனம் இறுகியிருத்தல். எழுதி எழுதி வலக்கை செயலிழந்த ஒருவர் இடக்கையால் எழுதப் பழகியபோது அதுவும் அதே நிலையை அடைந்ததை அவர் பதிவு செய்துள்ளார். கை மாறினால் மட்டும் போதாது, வேலையின் போக்கு மாற வேண்டும் என்பதற்கு இதுவே பழைய சான்றாகும். இம்மூன்று காரணங்களுள் ஒன்றும் கணினியால் நீங்கவில்லை, மூன்றும் வலுப்பெற்றிருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பருத்தியின் ஏற்றுமதித் துறையாக வளர்ந்தது; 1876இல் ரயில் பாதை வந்தது; கொழும்புக்குச் செல்லும் பயணிகள் இங்கிருந்து கப்பல் ஏறினர். ரயிலும் கப்பலும் பஞ்சுச் சந்தையும் தந்தியின்றி இயங்க முடியாத காலம் அது. மோர்ஸ் விசையை ஒரே விரல்நிலையில் நாளெல்லாம் தட்டிய தந்தியாளர்களின் கை, சில ஆண்டுகளில் குறிப்பிட்ட எழுத்துகளை அடிக்க மறுத்து இறுகிப்போவதை ஐரோப்பிய மருத்துவர்கள் 1870களிலேயே விவரித்தனர். பிரிட்டனில் இந்தத் தந்தியாளர் கைப்பிடிப்பு, 1908ஆம் ஆண்டில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1911இல் அந்நாட்டு அஞ்சல்துறைக் குழு ஒன்று, நரம்புத் தளர்ச்சியும் திரும்பத் திரும்ப ஏற்படும் களைப்பும் சேர்ந்தே இதற்குக் காரணம் என அறிக்கை தந்தது. நோவின் பொறுப்பைப் பாதி வேலையின் மீதும் பாதி தொழிலாளியின் இயல்பின் மீதும் சுமத்திய இந்த வாதம், 1980களில் ஆஸ்திரேலிய அலுவலகங்களில் விசைப்பலகை இயக்குவோரிடையே கைநோவு பெருகியபோது ஏறத்தாழ மாறாத வடிவில் மீண்டும் எழுந்தது.

அதே 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வேலை நேரமே போராட்டப் பொருளாயிற்று. பிப்ரவரி 27 அன்று கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர், வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். நூற்பாலையில் அறுந்த நூலை விரல்நுனியால் முறுக்கி ஒட்டும் வேலை நாள் முழுதும் நின்றபடியே நடப்பது. எந்திரம் ஓயாதவரை கையும் ஓயாது. கூலி உயர்வும் வார விடுமுறையும் பிற விடுப்புகளும் கோரிய அவ்வேலைநிறுத்தம், ஒன்பது நாட்களுக்குப்பின் கூலி உயர்வோடும் வேலை நேரக் குறைப்போடும் ஞாயிறு விடுமுறையோடும் முடிந்தது. அடுத்த சில நாட்களில் கைதான வ.உ.சி., கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்ற வைக்கப்பட்டதில் உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்ததையும், பின்னர்ச் செக்கிழுக்க விடப்பட்டதையும் தம் சுயசரிதையில் கூறுகிறார். எந்திரத்தின் வேகத்துக்குக் கட்டுப்பட்ட கைக்கு ஓய்வு கேட்டுப் பெறப்பட வேண்டியது என்பதை இந்நகரம் அவ்வாண்டில் கண்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையே குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தரப்பட வேண்டும் என்ற விதி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் நிலைபெற்றது. ஆயினும் அது உணவுக்கும் உடற்களைப்புக்கும் வகுத்த இடைவேளை. நிமிடத்துக்கு நிமிடம் அசையும் விரலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது அன்று.

அலுவலகக் கையைத் தட்டச்சுப் பொறி மற்றொரு வகையில் பழக்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர்.முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் கொடுத்தபோது, புள்ளி முதலிய குறிகளுக்கு நகரா விசை என்னும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினார். அதாவது அவ்விசையை அழுத்தினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன்கீழ் வந்து சேரும். முத்து என்ற சொல்லை அத்தகைய பொறியில் அடிக்க, மு, து என்னும் தனி வடிவங்களுக்காகச் சுண்டுவிரலால் ஷிப்ட் விசையை இருமுறை அழுத்த வேண்டும். விரல்களுள் வலுக்குறைந்ததற்கே மிகக் கனமான விசை வாய்த்தது. இக்குறையை ஈடுசெய்த இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவிய தட்டச்சுப் பயிலகங்களின் பயிற்சி. லோயர், ஹையர் என்ற அரசுத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்த மாணவர்கள், முதுகை நிமிர்த்தி, பாதத்தைத் தரையில் ஊன்றி, மணிக்கட்டைச் சட்டத்தின்மேல் சாய்க்காமல், எல்லா விரல்களுக்கும் வேலையைப் பகிர்ந்து அடிக்கக் கற்றனர். இரண்டாவது, பொறியின் இயல்பு. வரி முடிந்ததும் கையை உயர்த்தி வண்டியைத் தள்ளுவது, தாளை மாற்றுவது, கார்பனை அடுக்குவது, பிழையை அழிப்பது ஆகிய ஒவ்வொன்றும் விரலுக்கு ஓய்வாகவும் தோளுக்கு அசைவாகவும் அமைந்தது. ஓலையை நகர்த்திய கைக்குக் கிடைத்த நிறுத்தம் இங்கும் எஞ்சியிருந்தது.

துறைமுகத்தின் கையுழைப்பு இந்நிலையில் வேறொரு திசையில் மாறிக்கொண்டிருந்தது. ஆழமற்ற கரையாதலால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கொண்டுசேர்த்த நிலை, 1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகத் தொடங்கப்பட்டதும் மாறலாயிற்று. அதற்குமுன்பே, 1961உடன் இப்பகுதியின் முத்துச் சலாபங்கள் ஓய்ந்திருந்தன. 1999இன் இறுதியில் சரக்குப்பெட்டக முனையம் இயங்கத் தொடங்கியபின், கொக்கியால் மூட்டையை இழுத்த கைகளின் தேவை குறைந்து, பெட்டகத்தின் எண்ணையும் எடையையும் சுங்கப் படிவங்களையும் கணினியில் பதியும் கைகளின் தேவை பெருகியது. சுமை உடலின் பெருந்தசைகளிலிருந்து விரல்களுக்கு இறங்கியது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். 2024 டிசம்பரில் நகரில் நியோ டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதோடு, கணினி வேலையையே முழுத் தொழிலாகக் கொண்டோரின் ஊராகவும் தூத்துக்குடி மாறத் தொடங்கியுள்ளது.

பெட்டக முனையம் வந்த அதே 1999இல்தான், சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், வகரமும் ஙகரமும் நீங்கலான மெய்கள் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டதால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. தமிழெழுத்துகளுக்கு ஷிப்ட் தேவைப்படுவதில்லை. ஒரே மெய் இரட்டித்து வந்தாலும், ஙகரத்தை அடுத்துக் ககரம் வருவதுபோல இன எழுத்துகள் தொடர்ந்தாலும் புள்ளி தானே அமைந்துவிடுகிறது. முத்து என்ற சொல்லை இதில் எழுத ம, உ, த, த, உ என ஐந்து அழுத்தங்கள் போதும். அவையனைத்தும் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையிலேயே உள்ளன. ஒரு கல்லுக்கு இருவர் என்ற முறை இங்கு ஒரு சொல்லுக்கு இரு கைகள் என அமைந்துள்ளது. ஆயினும் பலர் ஆங்கில எழுத்துகளின் வழியே தமிழைத் தட்டுவதையே பழக்கமாகக் கொண்டுள்ளனர்; அதில் அழுத்தங்களும் கூடுகின்றன, நெடிலுக்கும் ழகர ளகர வேறுபாட்டுக்கும் ஷிப்ட்டோ கூடுதல் விசையோ தேவைப்படுகிறது.

விசைப்பலகை எவ்வளவு சீரானதாயினும், கணினி நீக்கிவிட்ட நிறுத்தங்களை அது மீட்டுத் தராது. வரி தானே மடங்குகிறது. தாள் மாற்ற வேண்டியதில்லை. கோப்பை எடுக்க எழ வேண்டியதில்லை. அழுத்தும் விசை இலேசானதால் களைப்பு உடனே தெரிவதில்லை; சுட்டியைப் பிடித்த கை அசையாமல் இறுகியிருப்பதும் வேலையாகத் தோன்றுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக் குகை நெரிவு இடம்பெற்றுள்ளது. எனினும் அப்பட்டியல் வலிந்து திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டின் மிகை வளைவு ஆகியவற்றையே காரணங்களாகச் சுட்டுகிறது. விசைப்பலகை மட்டுமே அந்நோயை உண்டாக்குகிறதா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீரிழிவு, தைராய்டுக் குறைபாடு, கருவுற்ற காலம் ஆகியவையும் அதற்கு இடந்தருகின்றன. ஆகவே விரல் மரத்தலைக் கணினியின் தலையில் மட்டும் கட்டிவிட்டு மருத்துவரை நாடாதிருப்பது தவறு. முன்கையிலும் மணிக்கட்டிலும் வேலையின்போது எழுந்து ஓய்வில் தணியும் நோவைப் பொருட்படுத்தாதிருப்பதும் அதே அளவு தவறு.

தடுப்பு முறைகள் எளியவை. பழைய பயிலகங்கள் கற்பித்தவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டவையும் அல்ல. முழங்கையின் மட்டத்தில் விசைப்பலகை, முன்கையோடு நேர்கோட்டில் மணிக்கட்டு, உடலை ஒட்டிய இடத்தில் சுட்டி, மெல்லிய அழுத்தம், மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாத பழக்கம், நீண்ட இடைவேளை ஒன்றைவிட அடிக்கடி வரும் சிறு நிறுத்தங்கள் என அவற்றைத் தொகுக்கலாம். இவற்றுள் கடைசியானது மட்டும் தனியொருவரின் கையில் இல்லை. ஒரே நாளில் முடிக்க வேண்டிய படிவங்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பவர் வேறொருவராக இருக்கும்போது, அவ்வப்போது எழுந்து நடக்குமாறு ஊழியருக்கு அறிவுரை சொல்வது பயன் தராது. ஐரோப்பிய நாடுகளுக்கென 1990இல் இயற்றப்பட்ட திரைப்பணி நெறிமுறை இதனை உணர்ந்து, திரைமுன் நடக்கும் வேலை இடைவேளைகளாலோ வேலை மாற்றத்தாலோ முறிக்கப்படும்படி திட்டமிடுவது வேலை தருபவரின் கடமை என்று வகுத்தது.

குளியாளிக்கு மூச்சு முட்டுவதைத் தோணியிலிருந்த எவரும் கண்ணால் கண்டனர். அதனால் ஒரு கல்லுக்கு இருவர் என்ற கணக்கு விவாதமின்றி ஏற்கப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் களைப்பை முதலாளி காணாதபோது ஒன்பது நாள் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. விசைப்பலகையின் மேலுள்ள விரலின் களைப்பு அதைவிடவும் கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே அது கணக்கில் எழுதப்பட்டாலன்றி நினைவில் நிற்காது. துறைமுகத்தைச் சார்ந்த ஏஜென்சி அலுவலகங்களும் புதிய மென்பொருள் கூடங்களும் நாற்காலிக்கும் விளக்குக்கும் செலவிடுவதோடு நில்லாமல், பதிவு வேலையையும் பிற வேலையையும் ஊழியரிடையே மாற்றி மாற்றித் தரும் முறையைப் பணிப்பட்டியலிலேயே சேர்க்க வேண்டும். முறை வைப்பது தோணியில் அதன் தலைவரான தண்டலின் பொறுப்பாக இருந்தது; அலுவலகத்தில் அது மேலாளரின் பொறுப்பு.